நாலு பட்டன் பெட்டி

செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகி போன் செய்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "பெத்த புள்ள செத்தது அந்த மனுஷனுக்கு இன்னும் தெரியாதுன்னா எப்படிங்க? சபாபதி என்ன கொழந்தையா? இன்னும் எத்தனை வாரம் இப்படியே ஓட்டப் போறீங்க?"

நானா ஓட்டுகிறேன்? அவர் பெண்டாட்டி லீலாதான் ஓட்டுகிறாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறவள், அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் முதல்முறையாக இந்தத் தொடர்கதைப் பக்கத்தைப் பிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சபாபதி ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. புத்தி தெளிவு. நாக்குதான் புரளவில்லை. இடது கையால் எழுதச் சொன்னால் கோழி கிளறியது போல வந்தது.

மகன் பிரவீன்குமார் அப்பாவுக்காக ஒரு பெட்டி செய்தான். மிஷின் பேனலில் பெரிய பெரிய பட்டன்கள் இருக்குமே, அதில் நாலை ஒரு நீல டப்பாவின் மேல் பொருத்தி, உள்ளே ஒரு சின்ன போர்டை வைத்து, யூஎஸ்பி கேபிளால் பழைய லேப்டாப்பில் சொருகினான். இடது கையால் பட்டனைத் தட்டத் தட்டத் திரையில் எழுத்துகளின் மேல் ஒரு கட்டம் நகரும். எழுத்தெழுத்தாகக் கூட்டி, கடைசியில் பச்சைப் பட்டனைத் தட்டினால் லேப்டாப் அதைச் சத்தமாகச் சொல்லும். அதுவும் ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு சொல்கிற பெண்ணின் குரலில். "லீலா. காபிக்கு. சக்கரை. பத்தல" என்று அந்தப் பெண் முதல் நாள் அறிவித்தபோது வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு ஆனி மாதம் வந்தது. சளி முற்றி சபாபதி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், மறைமலை நகர் ரோட்டில் நின்றிருந்த கன்டெய்னர் லாரியின் பின்னால் பிரவீனின் பைக் போய் மோதியது. "இப்போதைக்கு அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றார் டாக்டர். காரியமெல்லாம் லீலாவின் அண்ணன் வீட்டில் வைத்தே முடிந்தது. பிரவீனைக் கம்பெனியில் புனேவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டில் ஒரு கதை கட்டினார்கள். டாக்டர் சொன்ன அந்த இப்போதைக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் இருப்பது ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹாலில் சபாபதியின் கட்டில். அதனால் பிரவீனுக்கு மாலை போட்ட படம் கிடையாது, விளக்கு கிடையாது, வாய்விட்டு ஓர் அழுகை கிடையாது. லீலாவும் மகள் யுவஸ்ரீயும் அழுகையை அப்புறம் அப்புறம் என்று தள்ளிவைத்து, இப்போது தனியாக உட்கார்ந்து முயற்சி செய்தாலும் வருவதில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்விட்டது. யுவஸ்ரீக்கு முதலில் அது பயமாக இருந்தது. அப்புறம் அந்தப் பயமும் இல்லை.

ஆயுத பூஜை ராத்திரியிலிருந்து சபாபதி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். மறுநாள் பெட்டியை லேப்டாப்பில் சொருகினால் அதுவும் பேசவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று மனுஷனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் அடைபட்டது.

அங்கேதான் விட்டோம்.

*

"வாயத் தொறங்க. ஒரு வாய். வெறும் கஞ்சிதான், உப்பு போட்டு கீது."

லீலா ஸ்பூனை உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தபடி நின்றாள். சபாபதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வயிறு வலிக்குதா?"

அசைவில்லை.

"தொண்ட வலிக்குதா? ஆமான்னா தல ஆட்டுங்க, இல்லன்னாவும் ஆட்டுங்க. எதுனா ஒண்ணு ஆட்டுங்களேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம், இல்லை என்று தலையாட்ட அவருக்கு நன்றாகவே வரும். ஆட்ட மாட்டேன் என்கிறார். தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு இறங்கியது.

காலையிலேயே டாக்டரிடம் போனில் சொல்லியிருந்தார்கள். இன்றைக்குள் ஏதாவது சாப்பிடாவிட்டால் நாளை சேர்த்துவிடுங்கள், மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். போன தடவை அந்தக் குழாயோடு சபாபதி பட்ட பாடு லீலாவுக்குத் தெரியும். கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள்.

யுவஸ்ரீக்கு இன்று வார லீவு. சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பேக்கிங் லைனில் இருக்கிறாள். குளித்துவிட்டு வந்ததிலிருந்து தரையில் லேப்டாப்பையும் நீலப் பெட்டியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேபிளைச் சொருகினாள். நல்லபடியாக இருந்தால் டொடங் என்று ஒரு சத்தம் வரும். இப்போது வந்தது வேறு சத்தம், மழுங்கலாக. திரையின் மூலையில் ஒரு கட்டம் எட்டிப் பார்த்தது. நீங்கள் சொருகியிருப்பது என்னவென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னது.

பிடுங்கிச் சொருகினாள். அடையாளம் தெரியவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். அடையாளம் தெரியவில்லை. அதே ஓட்டையில் மவுஸைச் சொருகினால் மவுஸ் சமர்த்தாக ஓடியது. பெட்டியின் பக்கவாட்டில் பச்சை லைட்டும் எரிகிறது. ஆனாலும் தெரியவில்லையாம்.

"வுடுடி. அது போனா போவுது," என்றாள் லீலா சமையலறையிலிருந்து.

"நாளைக்கு டாக்டர் ஏன் சாப்புடலன்னு கேப்பாரு. நீ இன்னா சொல்லுவ?"

"தெரியலன்னு சொல்லுவேன்."

"அதுக்கு மூக்குல குழா வுடுவாங்க. அப்பாவாண்ட கேட்டா சொல்லிடுவாருமா. இது வேல செஞ்சா போதும்."

லீலா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து மகளின் பக்கத்தில் குந்தினாள். கட்டிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"வேல செஞ்சா அது மொதல்ல இன்னா கேக்கும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தினமும் காலையில் அந்த ரயில்வே பெண் ஒரே அறிவிப்பைத்தான் செய்வாள். பிரவீன். போன். பண்ணானா. அதற்கு லீலா அரிசி களைந்துகொண்டே, ராத்திரி பண்ணான், நீங்க தூங்கிட்டீங்க என்பாள். டவர் கிடைக்கவில்லை என்பாள். நைட் ஷிப்ட் என்பாள். புனேவில் மழை என்றுகூட ஒரு நாள் சொன்னாள். இந்த நாலைந்து நாளாக அந்தக் கேள்வி இல்லை. லீலா கொஞ்சம் தூங்குகிறாள்.

"அதுக்காக அவர அப்பிடியே வுட்டுற முடியுமா?" என்று யுவஸ்ரீ எழுந்தாள். பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டாள். "அருள் அண்ணனாண்ட போயிட்டு வரேன்."

லீலா ஆறிப்போன கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

சிங்கப்பெருமாள்கோயில் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மாத்தூர், வல்லம் எல்லாம் போயின. கம்பெனிச் சுவர்கள், சுவர்கள், நடுவில் ஒரு பிரியாணிக் கடை, மறுபடி சுவர். மடியில் பெட்டி இருந்தது. அண்ணன் செய்த பொருள் மடியில் இருக்கிறது, ஏதாவது தோன்ற வேண்டுமே என்று யுவஸ்ரீ காத்துப் பார்த்தாள். டிக்கெட் எடுத்தோமா என்பதுதான் தோன்றியது.

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் அந்த ஷெட். கார்களுக்குள் ஓடுகிற வயர்க் கட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் பலகைகளை அங்கே செய்கிறார்கள். பிரவீன் வேலை பார்த்த இடம். அருள்பாண்டி அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். வாசலில் டிரில்லிங் மிஷின் மேல் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று காய்ந்து தொங்கியது.

"வா தங்கச்சி," என்று எழுந்த அருள்பாண்டி, பையிலிருந்து வெளியே வந்த பெட்டியைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

"இது பேச மாட்டேங்குதுண்ணா. அப்பாவும் சாப்புட மாட்டேங்கறாரு. ஏன்னு கேக்கணும்."

"எப்பருந்து?"

"பூஜைக்கு மறுநாள்லருந்து."

"கீழ எங்கயாச்சும் விழுந்துச்சா? தண்ணி பட்டுச்சா?"

"இல்லண்ணா."

அவன் தன் கம்ப்யூட்டரில் சொருகினான். அதே மழுங்கல் சத்தம். அதே அடையாளம் தெரியவில்லை.

"அப்ப ஒங்க லேப்டாப்பு மேல குத்தம் இல்ல. இங்கிட்டும் அதத்தான் சொல்லுது." பிரிண்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கி மாற்றிப் போட்டான். மாற்றமில்லை. "கேபிளும் இல்ல. பெட்டியிலதான் கோளாறு."

"லைட்டு எரியுதேண்ணா?"

"எரியும். இந்தக் கேபிளுக்குள்ள நாலு கம்பி. ரெண்டு கரண்ட்டுக்கு, ரெண்டு பேச்சுக்கு. கரண்ட்டு போகுது, அதான் லைட்டு எரியுது. பேச்சுதான் போகல. யாரோ வந்து கதவத் தட்டுற மாதிரி இருக்கு, யாருன்னு கேட்டா பதில் இல்லன்னா கம்ப்யூட்டர் என்ன செய்யும்?"

நாலு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் திறந்தான். உள்ளே வயர்கள் ஒரே அளவில் வெட்டி, ஒரே பக்கமாக வளைத்து, நூலால் கட்டியிருந்தன. பிரவீன் சட்டை மடிப்பதும் அப்படித்தான். அருள்பாண்டி போர்டைப் பார்த்தபடி தாடையைத் தேய்த்தான்.

"ஒண்ணு சொல்றேன், பயப்படாத. இந்தப் போர்டுக்குள்ள அவன் எழுதிப் போட்ட புரோகிராம் ஒண்ணு இருக்கு. அது அழிஞ்சு போயிருந்தாலும் இப்பிடித்தான் காட்டும். அதோட காப்பி அவன் லேப்டாப்புல இருந்துச்சு."

அந்த லேப்டாப் அன்றைக்கு பிரவீனின் முதுகுப் பையில் இருந்தது. அது என்ன ஆயிற்று என்று இருவருக்கும் தெரியும்.

"வேற யாராச்சும் புதுசா எழுத முடியாதாண்ணா?"

"எழுதலாம். ஒரு வாரம் பத்து நாளு ஆகும். ஒங்கப்பாவுக்கு நாளைக்குள்ள வேணுங்கிற." அவன் மீட்டரை எடுத்தான். "மொதல்ல அதத் தொடவே வேணாம். சும்மா கையை வெச்சு இருக்கறதையும் அழிச்சுறக் கூடாது. வழி சரியா இருக்கான்னு பாப்போம்."

மீட்டரின் ஒரு முள்ளைக் கேபிளின் முனையில் வைத்தான், மறுமுள்ளைப் பெட்டிக்குள் கேபிள் வந்து சேரும் சின்னக் கம்பிக் காலில் வைத்தான். பீப் என்றது. அடுத்த கம்பி, பீப். அடுத்தது, பீப். கடைசிக் கம்பியில் சத்தமில்லை. அழுத்திப் பார்த்தான், அசைத்துப் பார்த்தான். சத்தமில்லை.

"இதான். பேச்சுக் கம்பி ரெண்டுல ஒண்ணு தொடுது, ஒண்ணு தொடல."

கேபிளை உருவிவிட்டு, செல்போன் டார்ச்சைப் பெட்டியின் ஓட்டைக்கு நேராகப் பிடித்துக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. பிறகு ஓர் ஊசியை எடுத்து உள்ளே மெல்லச் சுரண்டினான். மேஜை விரிப்பின் மேல் மஞ்சளாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. அதன் நடுவில் சிவப்பு.

"சந்தனம் தங்கச்சி," என்றான். "சந்தனம், குங்குமம். பூஜைக்கு வெச்சிருக்காங்க. நாங்களுந்தான் எல்லா மிஷினுக்கும் வெச்சோம். ஓட்டைக்குள்ள யாரு வெப்பா?" சிரிக்க ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

யுவஸ்ரீ அந்தப் பொருக்கையே பார்த்தாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கட்டிலிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறாரே. பூஜை இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பாரே. அதனால் அம்மா பூஜை போட்டாள். அரிவாள்மணை, மிக்ஸி, தையல் மிஷின், அப்பாவின் பழைய ஸ்பேனர்கள், எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டு வைத்தாள். கடைசியாக நீலப் பெட்டி. அம்மாவின் விரல் அதன் மேல் கொஞ்சம் அதிக நேரம் நின்றதை யுவஸ்ரீ அன்று பார்த்தாள். பையன் செய்ததல்லவா, அதனால் என்று நினைத்தாள்.

அருள்பாண்டி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஓட்டையைத் துடைத்தான். ஊதினான். மறுபடி துடைத்தான். மீட்டரை வைத்தான், நாலு கம்பிக்கும் பீப் வந்தது. கம்ப்யூட்டரில் சொருகினான்.

டொடங்.

நீலப் பட்டனைத் தட்டினான். சோதித்துப் பார்க்க பிரவீன் அந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்திருந்த எழுத்துத் திரையில் கட்டம் ஓர் எழுத்து நகர்ந்தது. பிரவீன் எழுதியது அழியவில்லை, அத்தனையும் உள்ளே அப்படியே இருந்தது. அருள்பாண்டி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். யுவஸ்ரீக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஊரான் ஒருத்தன் அழுகிறான், கூடப்பிறந்தவள் சந்தனத் தூளைக் கையால் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

மூடியைத் திருகிக் கொடுத்தவன், வாசல்வரை கூடவே வந்தான்.

"தங்கச்சி. அன்னைக்கு அவன் வீட்டுக்கு வராம எதுக்கு மறைமலை நகர் பக்கம் போனான்னு ஒங்க வீட்ல யாராச்சும் கேட்டீங்களா?"

அவள் நின்றாள். யாரும் கேட்கவில்லை. போனான், மோதினான், செத்தான் என்பதற்கு மேல் யாருக்கும் யோசனை ஓடவில்லை.

"எனக்குத் தெரியும். கேட்டா சொல்றேன்."

"இன்னிக்கு வேணாண்ணா," என்றாள் யுவஸ்ரீ. "இன்னிக்கு அப்பா சாப்புடணும். அது போதும்."

*

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சபாபதி கண்ணை மூடியபடி படுத்திருந்தார். மத்தியானத்துத் தட்டு தொடாமல் இருந்தது. சமையலறையில் லீலா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ள சந்தனம் அடச்சிகினு இருந்துதுமா."

லீலாவின் கை நின்றது. குழாயை மூடினாள்.

"கேபிள் சொருகற ஓட்டையில. நீதான வெச்ச?"

"நான்தான் வெச்சேன்."

"வேணும்னே வெச்சியா?"

லீலா கையிலிருந்த தேங்காய் நாரைப் பார்த்தாள். "தெரிலடி. மெய்யாலுமே தெரில. மேல பொட்டு வெச்சேன். அப்புறம் பின்னால திருப்பி வெச்சேன். வெரலு உள்ள போச்சி. போவுதுன்னு தெரிஞ்சிது. எடுக்கணும்னு தோணல." நாரைத் தொட்டித் திண்டில் வைத்தாள். "மறுநாளு அது பேசலன்ன ஒடனே நிம்மதியா இருந்துச்சி. தெனமும் பொய் சொல்லி சொல்லி என் வாயே எனக்குக் கசக்குது. ஒரு நாளைக்குனா என்னைய எதுவும் கேக்காத இருக்கட்டுமேன்னு இருந்துச்சி. அவரு வாயில மண்ணள்ளிப் போட்டுட்டேன் இல்ல?"

திட்டலாம் என்றுதான் யுவஸ்ரீ பஸ்ஸில் வந்தாள். இப்போது திட்டவும் வரவில்லை.

"சரியாயிடிச்சிமா. இப்ப சொருகப் போறேன். அவரு கேப்பாரு."

"கேக்கட்டும்."

"இன்னா சொல்லுவ?"

"புனேல மழ வுட்டுடுச்சின்னு சொல்லுவேன்," என்று லீலா மறுபடி குழாயைத் திறந்தாள்.

யுவஸ்ரீ ஹாலுக்கு வந்து லேப்டாப்பைக் கட்டிலோரத்து ஸ்டூலில் வைத்தாள். கேபிளைச் சொருகினாள். டொடங் என்ற சத்தம் கேட்டதும் சபாபதி கண்ணைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் அவருடைய இடது கையைத் தூக்கிப் பட்டன்களின் மேல் வைத்தாள்.

"ஏம்பா சாப்புட மாட்டேங்கற? எங்க வலிக்குது? சொல்லு."

அவர் உடனே தட்டவில்லை. பிறகு கட்டம் நகர ஆரம்பித்தது. பிரவீனின் முதல் எழுத்துக்குப் போகும் என்று யுவஸ்ரீ காத்திருந்தாள். அது வேறு வரிசைக்குப் போனது. ஓரிடத்தில் தவறாக நின்று, திரும்பி, மறுபடி நகர்ந்தது. சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அவர் பச்சைப் பட்டனைத் தட்டினார்.

"தட்டு. திரும்பி. வந்துச்சு," என்று ரயில்வே பெண் அறிவித்தாள்.

"எந்தத் தட்டுப்பா?" என்றாள் யுவஸ்ரீ.

அவளுக்குப் புரியவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்ற லீலாவுக்குப் புரிந்துவிட்டது. பூஜை அன்று சாயங்காலம் பொரி, கடலை, சுண்டல் எல்லாம் தட்டுகளில் வைத்துத் துணி மூடி, கட்டிலைத் தாண்டித்தான் அவள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எடுத்துப் போனாள். வருஷா வருஷம் செய்வது. செய்யாவிட்டால் அவர் சந்தேகப்படுவார் என்று செய்தாள். ஒரு வீட்டிலும் வாங்கவில்லை. "வருஷம் திரும்பலியேக்கா, நாங்க எப்பிடி வாங்கறது?" என்று கையைப் பிசைந்தார்கள். அவர் தூங்குகிறார் என்று நினைத்துத் தட்டுகளை அப்படியே கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்துவிட்டாள். கட்டிலிலிருந்து பார்த்தால் சமையல் மேடை தெரியும்.

கட்டம் மறுபடி நகர்ந்தது. இந்த முறை நெடுநேரம் ஆனது. 

"தீட்டு. வூடு. யாரு," என்றாள் அந்தப் பெண், அடுத்த வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்பது போல.

யுவஸ்ரீ அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். லீலா நடந்து வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். துலக்கிய கை இன்னும் ஈரமாக இருந்தது. புனேவும் மழையும் நைட் ஷிப்ட்டும் அவள் வாய்வரை வந்திருக்க வேண்டும். அவள் அவற்றைச் சொல்லவில்லை.

"பிரவீனுங்க," என்றாள். "ஆனி மாசம். பைக்குல போயி லாரில மோதிட்டான். நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்க."

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். இத்தனை மாதம் காத்த செய்தி அவ்வளவு சின்னதாக இருந்தது.

சபாபதியின் முகத்தில் பாதி ஏற்கெனவே அசையாது. மற்றப் பாதியும் இப்போது அசையவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. தெருவில் ஷிப்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யுவஸ்ரீ டாக்டரைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தாள்.

அவர் விரல் பட்டனைத் தேடியது.

"கொள்ளி. யாரு. வெச்சது."

பெற்ற அப்பன் உயிரோடு இருக்கிறான், கல்யாணமாகாத பிள்ளை. அவர்தான் வைத்திருக்க வேண்டும். அவர் படுத்திருந்தார்.

"நான்தாம்பா," என்றாள் யுவஸ்ரீ. "மாமா வெக்கறேன்னாரு. பொம்பளப் புள்ள வெக்கக் கூடாதுன்னு எல்லாரும் சத்தம் போட்டாங்க. நான் குடுக்கல. நானே வெச்சேன்."

கோபிப்பாரோ என்று அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரைக்குத் திரும்பினார். கட்டம் ஓர் எழுத்தில் நின்றது. கை என்று வந்தது. அவருடைய கைதான் வலிக்கிறதோ என்று லீலா எழுந்தாள். கட்டம் மேலும் நகர்ந்தது. கண்ணில் நீர் கட்டி எழுத்து தெரியாமல் அவர் இரண்டு முறை தப்பாகத் தட்டி அழித்தார். கடைசியில் பச்சைப் பட்டன்.

"கை. சுட்டுச்சா."

யுவஸ்ரீ தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அன்று நெருப்பு எவ்வளவு பக்கத்தில் இருந்தது, சூடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். புகை ஞாபகம் இருந்தது. யாரோ தோளைப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருந்தது. சூடு ஞாபகத்தில் இல்லவே இல்லை.

"தெரியலப்பா," என்றாள். "எனக்கு எதுவுமே தெரியலப்பா."

லீலாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு அது அழுகையாகி, பிரவீனு, பிரவீனு என்று தெருவரைக்கும் போனது. எதிர் வீட்டில் கதவு திறந்தது. பக்கத்து வீட்டில் டிவியை அணைத்தார்கள். வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது.

சபாபதி பட்டனிலிருந்து கையை எடுத்துக் கட்டில் விளிம்பில் விரித்து வைத்தார். யுவஸ்ரீ தன் கையை அதில் வைத்தாள். ஸ்பேனர் பிடித்த கைகளில் மிச்சம் இந்த ஒன்றுதான், பலமெல்லாம் இன்னும் அதில் இருந்தது. அவர் இறுக்கினார். எலும்போடு எலும்பு நெரிந்தது.

"வலிக்குதுப்பா," என்றாள் அவள். அவர் விடவில்லை.